லேப்டாப் ஃபார்மேட் பண்ண கடையில குடுக்குறதுக்கு முன்னாடி இத படிங்க (காரைக்குடி பக்கம் இருக்கவங்க முக்கியமா)

இப்பதான் கடையில சண்டை போட்டுட்டு வந்து உக்காந்தேன், கை இன்னும் நடுங்குது. 4,500 ரூபா. பணத்த குடுத்து ஆறு வருஷ உழைப்ப தொலைச்சிருக்கேன்.

நான் வீட்ல இருந்தே கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்றேன், முக்கால்வாசி நகரத்தார் வீட்டு விசேஷம். விலாசம், ஊரு, அவங்க குலக் கோயில், அதுக்குள்ள வர்ற பிரிவு எதுலயும் ஒரு புள்ளி மாறக்கூடாது. அதனால எல்லாத்தையும் வேர்டுல ஆட்டோடெக்ஸ்ட்டா ஏத்தி வச்சிருந்தேன், "பெரு"ன்னு அடிச்சு எஃப்3 தட்டுனா "இளையாத்தங்குடி கோயில் பெருமருதூருடையார் பிரிவு"ன்னு முழுசா வந்து விழும். இப்ப தட்டுறேன், "பெரு" அப்படியே நிக்குது.

லேப்டாப் ரொம்ப ஸ்லோன்னு ஒரு சர்வீஸ் கடையில குடுத்தேன். டிஸ்க்க அழிச்சுதான் ஆகணும்னாங்க. செட்டிங்ஸ் போயிருமான்னு மூணு தடவ கேட்டேன். அந்தத் தம்பி சிரிச்ச முகமா, "அக்கா, எப்படி குடுத்தீங்களோ அப்படியே வரும், கவலைப்படாம போங்க"ன்னு சொல்லி எனக்கு டீ வேற வாங்கிக் குடுத்துச்சு. அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் 4,500 ரூபாயையும் முன்பணமாவே குடுத்துட்டு வந்தேன்.

திரும்பி வந்தப்ப டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் மட்டும் இருக்கு. ஆட்டோடெக்ஸ்ட், டிக்ஷனரில சேத்த பேரு, போட்டோஷாப் ஆக்ஷன், பிரவுசர் புக்மார்க் ஒண்ணும் இல்ல. இதெல்லாம் யூசர் ஃபோல்டருக்குள்ள ஆப்டேட்டான்னு மறைஞ்சிருக்க ஃபோல்டர்ல இருக்குமாம், அத காப்பியே பண்ணல. ஃபார்மேட் அடிக்காம விண்டோஸ மறுபடி போட்டிருந்தா விண்டோஸ்.ஓல்ட்ங்கிற ஃபோல்டர்லயாவது பழசு கெடந்திருக்கும், அதுவும் இல்ல. லேப்டாப்ல இருக்கது எஸ்எஸ்டி வகை டிஸ்க்குங்கிறதால, அழிஞ்சத மீட்டெடுக்கவும் பெருசா வழியில்ல.

போன் பண்ணா "சாஃப்ட்வேர திரும்பப் போட்டா வந்துரும்கா". போட்டேன், வரல. அடுத்த நாள் "ஓனர் மதுரை போயிருக்காரு". அதுக்கடுத்த நாள் எடுக்கவே இல்ல. இன்னைக்கு நேர்ல போனா அதே தம்பி மூஞ்சியப் பாக்காம "ஃபைல் வந்துருச்சுல்ல, செட்டிங்ஸ்க்கு நாங்க பொறுப்பில்ல"ங்குது. பில்லுல ஒரு வரி கூட எழுதிக் குடுக்கல. 4,500ல நூறு ரூபா கூட திருப்பித் தரல.

குடுக்குறதுக்கு முன்னாடி யூசர் ஃபோல்டர் மொத்தத்தையும், மறைஞ்சிருக்கறதையும் சேத்து, வெளி ஹார்ட் டிஸ்க்ல நீங்களே ஏத்திருங்க. வேர்டு ஆட்டோடெக்ஸ்ட் பெரும்பாலும் நார்மல் டெம்ப்ளேட் (Normal.dotm) ஃபைல்லதான் இருக்கும், அத தனியா எடுத்து வைங்க. என்னென்ன திரும்பி வரணும்னு பில்லுல எழுதி வாங்குங்க, முழுப் பணத்தையும் முன்னாடியே குடுக்காதீங்க. இன்னும் எழுதணும்னு நெனச்சேன், முடியல, ஆவணி முகூர்த்தத்துக்கு மூணு பத்திரிகை நிக்குது, ஒவ்வொரு விலாசமா பழைய பத்திரிகைய பாத்து மறுபடி அடிச்சிக்கிட்டு இருக்கேன்.