பைன் தோட்டத்துக் கார்பன்: மரங்களைக் கலைத்து விடுவதா, அப்படியே விடுவதா?

நியூசிலாந்தில் மனிதர் நட்டு வளர்த்த காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு ரேடியாட்டா பைன்தான். ஹெக்டேருக்கு 800 முதல் 1,000 கன்று வரை நடுவார்கள். 28 வயதையொட்டி வெட்டுவார்கள். இடையில், எட்டு பத்து வயதில், பாதி மரங்களை, சில இடங்களில் அதற்கும் மேல், சாய்த்துவிடுவது வழக்கம். முள்ளங்கிப் பாத்தியில் நெருக்கமாக முளைத்ததைக் கலைத்து விடுகிறோமே, அதே வேலைதான். கார்பன் சேமிப்புக்கு இது உதவுமா, கெடுக்குமா?

வெறும் எடையைப் பார்த்தால் கலைக்காத தோட்டமே முந்துகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். ஒரு டன் கார்பன் மரத்தில் இருந்தால், 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு காற்றிலிருந்து இறங்கியிருக்கிறது என்று பொருள். கலைத்த பின் நிற்கும் மரங்கள் நன்றாகப் பருக்கும். ஆனாலும் சாய்த்ததை ஈடுகட்ட ஆண்டுகள் பிடிக்கும். கடுமையாகக் கலைத்திருந்தால் வெட்டும் வயதிலும் முழுதாக ஈடாகாது. மண்ணில் உள்ள கார்பனில் பெரிய வித்தியாசம் வருவதில்லை.

இதோடு முடிவுக்கு வருபவர்கள் 1946ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். 1920களிலும் 30களிலும் நட்ட பெருந்தோட்டங்கள் பல, கலைக்கப்படாமல் நெருக்கியடித்து நின்றன. அந்த நேரம் வறட்சி வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியிருந்த சைரெக்ஸ் மரக்குளவி, தண்ணீருக்குத் தவித்து நலிந்த மரங்களாகப் பார்த்துத் துளையிட்டது. முட்டையோடு நச்சுச் சாற்றையும் பூஞ்சையையும் சேர்த்தே உள்ளே செலுத்தும் பூச்சி அது. 1951க்குள் சுமார் 1,20,000 ஹெக்டேரில் மூன்றில் ஒரு பங்கு வரை மரங்கள் செத்தன. செத்த மரம் மக்கும்போது அதிலிருந்த கார்பன் திரும்பக் காற்றுக்கே போகிறது. நெருக்கமாக நிற்கும் காட்டின் கார்பனைக் கணக்கிடும்போது இந்த ஆபத்தையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பேன். ஊசியிலைகளைக் கருக்கும் டோதிஸ்ட்ரோமா பூஞ்சைக்கும் ஈரமும் நெருக்கமும்தான் பிடிக்கும்.

கலைத்த தோட்டத்துக்கும் ஆபத்து உண்டு. ஒன்றையொன்று தாங்கி நின்ற மரங்கள் திடீரெனத் தனித்துவிடுவதால், முதல் சில ஆண்டுகளில் புயல் காற்றுக்கு எளிதில் விழும். கிளைகள் தடிக்கும், மரக்கட்டையின் அடர்த்தியும் சற்றுக் குறையும்.

சாய்த்த மரம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். இளவயதில் சாய்ப்பது பெரும்பாலும் தரையிலேயே கிடந்து மக்குகிறது. காகிதக்கூழானால் கார்பன் சில ஆண்டுகளே தங்கும். பருத்த மரம் வீட்டுச் சட்டமானால் பல பத்தாண்டுகள் தங்கும். அந்தப் பருமனுக்கு இடைவெளி வேண்டும்.

காடு சேமிக்கும் கார்பனுக்கு விற்கக்கூடிய அலகுகளைத் தரும் அரசின் கார்பன் வணிகக் கணக்கு இதையெல்லாம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 100 ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கு, இவ்வளவு கார்பன் என்று முன்பே வகுத்து வைத்த ஆயத்த அட்டவணைதான். மரத்தின் வயதும் வட்டாரமும் போதும், எத்தனை மரம் நிற்கிறது என்று அது கேட்பதில்லை. அதைவிடப் பெரிய தோட்டங்களில் நேரில் அளவெடுக்கிறார்கள். கலைத்தது அங்கே கணக்கில் தெரியும்.

வெட்டி விற்கப்போகும் தோட்டம் என்றால், ஒரே ஒரு முறை, மிதமாகக் கலைப்பதே என் தேர்வு. வெட்டவே போவதில்லை என்று அந்தக் கணக்கில் நிரந்தரக் காடாகப் பதிந்தவர்களுக்கும் அப்படியே விட்டுவிடுவதைப் பரிந்துரைக்க மாட்டேன். பைனுக்கு நடுவே வெளிச்சம் இறங்கும் இடைவெளிகளை இப்போதே திறந்தால்தான் தோதாரா, ரிமு போன்ற அந்த மண்ணின் மரங்கள் கீழே தலைதூக்கும். பைன் மூப்படையும் காலத்தில் கார்பனைத் தாங்க அவை நிற்கும்.