அடுக்கு ரோஜா ஸ்டாம்ப் செட்: மை தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

'நான்கு அடுக்கு ரோஜா, போட்டோபாலிமர்' (ஒளி பட்டு இறுகும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) என்று போட்டு ஆன்லைனில் 749 ரூபாய்க்கு விற்கிற, வாழ்த்து அட்டையில் மை தொட்டுப் பூ அச்சடிக்கும் ஸ்டாம்ப் செட் சுத்த ஏமாற்று. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் இங்க் பேடைத் திறக்க வேண்டாம், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

அடுக்கு ஸ்டாம்பில் முதல் துண்டு பூவின் முழு உருவம். வெளிர் நிறத்தில் நிரப்பலாக விழும். இரண்டும் மூன்றும் இதழின் நிழல்கள், நான்காவது நடுவில் கருக்கும் கோடுகள். ஒன்றின் மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தால்தான் பூ. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே கண்ணுக்குத் தெரியும். இந்த செட்டில் இரண்டாம் அடுக்கு இடப்பக்க இதழைத் தாண்டி 2 மி.மீ. வெளியே நிற்கிறது. எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் விலகுகிறது. ஸ்டாம்பிங் பிளாட்ஃபார்மில் (ஸ்டாம்பை நகராமல் ஒரே இடத்தில் பிடித்து அச்சடிக்கும் கருவி) வைத்து அடித்தும் அதே கதி, ஆகவே இது கைப்பிசகு இல்லை.

அசல் ஸ்டாம்பை அச்செடுத்து வார்த்த நகல்களில்தான் இப்படி வரும். வார்ப்பு ஆறும்போது சுருங்கும். எல்லாத் துண்டும் ஒரே அளவாகச் சுருங்கினால் அடுக்குகளாவது பொருந்தும், அசலுக்கான வெட்டு டை (பூவின் ஓரத்தை ஒட்டி அட்டையை வெட்டும் அச்சு) மட்டும் பொருந்தாது. நிரப்பல் துண்டு ஒரு மாதிரியும் மெல்லிய கோட்டுத் துண்டு இன்னொரு மாதிரியும் சுருங்கினால் எதுவுமே சேராது.

பொருளும் போட்டோபாலிமர் இல்லை, சிலிகான். மை பரவாமல் முத்து முத்தாக உருள்கிறது. ஒரு எச்சரிக்கை: புது போட்டோபாலிமரிலும் முதல் இரண்டு அச்சு திட்டுத்திட்டாக விழும், ஏனென்றால் வார்ப்பு எண்ணெய்ப் பிசுக்கு மேலே இருக்கும். வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும். சிலிகானில் அப்படித் தேய்த்தும் பலனில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். நிரப்பல் துண்டு கொஞ்சம் தேறும், கோட்டுத் துண்டில் அதைச் செய்தால் கோடே போய்விடும்.

உடன் வந்த நான்கு குட்டி இங்க் பேடில் மூன்று, காய்ந்த பிறகு ஒரே ரோஸ் நிறம். அடுக்குக்கு அடுக்கு நிறம் கூடாவிட்டால் அத்தனை வேலையும் வீண். இதற்கு மட்டும் வழி உண்டு: நல்ல டை இங்க் (சாயம் கலந்த மை) ஒன்றை எடுத்து, முதல் அடுக்கை வேண்டாத தாளில் ஒருமுறை அடித்துவிட்டு, மறுபடி மை தொடாமல் அட்டையில் அடியுங்கள். வெளிர் நிறம் கிடைக்கும்.

மை தொடாமலே சோதிக்கலாம். துண்டுகள் கண்ணாடி போலிருப்பதால் முதல் அடுக்கை வெள்ளைத் தாள் மேல் வைத்து, இரண்டாவதை அதன் மேல் அடுக்கி, வெளிச்சத்தில் நேர் மேலிருந்து பாருங்கள். ஓரம் வெளியே நீட்டினால் அப்படியே, அளவுகோலும் பக்கத்தில் தெரிகிற மாதிரி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்சல் பிரிக்கும்போதே வீடியோவும் எடுத்துவிடுங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம், விற்றவர் அனுப்பிய பதில் ஒரே வரிதான்: 'மை பட்ட பொருளைத் திரும்ப எடுப்பதில்லை.' இது செல்லாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் போலியையும் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் அவருக்கு எழுதுங்கள், அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரப் பக்கத்தில் 'போட்டோபாலிமர்' என்று இருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே புகாரை அனுப்புங்கள். இந்தச் செட்டின் பக்கத்தில் அந்த வார்த்தையை இப்போது நீக்கிவிட்டார்கள்.