வேலூர் வெயிலில் அஜிலென்ட் 7100: ஃபினைலலனைன் அளக்கத் தோதானதா?

பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஃபினைலலனைன், டைரோசின் என்ற இரு அமினோ அமிலங்களையும் அளக்க அஜிலென்ட் 7100 நல்ல தேர்வுதான். இது கேபிலரி எலக்ட்ரோஃபோரெசிஸ் கருவி: மயிரிழை போன்ற குழாயில் (கேபிலரி) மின்னழுத்தம் கொடுத்து, அயனிகளை அவை நகரும் வேகத்தை வைத்துப் பிரிக்கும். ஆனால் நாள் முழுக்க ஏசி ஓடாத அறைக்கு வாங்க வேண்டாம். கேபிலரி இருக்கும் கேசட்டை அறை வெப்பத்தைவிட 10 டிகிரிதான் கீழே இறக்க முடியும். சித்திரையில் அறையே 38-ஐத் தொட்டால் கேபிலரிக்கு வேண்டிய 25 டிகிரி எட்டாது. ஒரு டிகிரி கூடினாலே அயனிகள் சுமார் 2 சதவீதம் வேகமெடுக்கும். காலையில் வந்த பீக் (ஒரு பொருளைக் காட்டும் முகடு) மதியம் வேறு நிமிடத்தில் வந்து நிற்கும்.

இதன் பலம் சிக்கனம். 50 மைக்ரான் உள்விட்டம், 60 செ.மீ. நீளமுள்ள கேபிலரியில் 50 மில்லிபார் அழுத்தத்தை 5 விநாடி கொடுத்தால் உள்ளே போவது 7 நானோலிட்டர்தான். பச்சிளங்குழந்தையின் 50 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவே தாராளம். அதில் புரதத்தைப் படியவைக்க 100 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல் விட்டுக் கலக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். புரதம் மிச்சமிருந்தால் கேபிலரிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பீக் வால் நீளும். மூடி சரியில்லாத குப்பியில் அசிட்டோநைட்ரைல் ஆவியாகி அளவு கூடுதலாகக் காட்டும். இதைப் பிடிக்க, ரத்தத்தில் இல்லாத ஃப்ளூரோஃபினைலலனைனைத் தெரிந்த அளவில் முதலிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

பஃபர் (கேபிலரியை நிரப்பும், அமிலத்தன்மை மாறாத கரைசல்), 50 மில்லிமோலார் பாஸ்பேட், பிஹெச் 2.5; டிடெக்டர் 200 நானோமீட்டர் புற ஊதா ஒளியில். பலரும் சறுக்குவது கழுவுவதில். புதுக் கேபிலரிக்கு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 நிமிடம், பிறகு தண்ணீர், பிறகு பஃபர். அதோடு சரி. ஒவ்வொரு சாம்பிளுக்கு நடுவிலும் இந்தக் காரத்தை (சோடியம் ஹைட்ராக்சைடை) விட்டால் சுவர் மறுபடி அமில நிலைக்கு வர நேரமெடுக்கும், பீக் நகர்ந்துகொண்டே போகும். நடுவில் பஃபர் போதும். காரத்தை நாள் முடிவில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிலரியின் இரு முனைகளும் மூழ்கும் குப்பிகளில் பஃபர் மட்டம் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சைஃபன் ஆகும், அதாவது மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து கரைசல் தானாக ஓடும். நம்மூர் போர் தண்ணீரை ஆர்ஓவில் வடித்தது போதாது, அயனிகள் நீக்கிய 18.2 மெகாஓம் தண்ணீர் வேண்டும். கரன்ட் போய்வரும் இடத்தில் யூபிஎஸ்ஸும் கட்டாயம்.

ஒளி உறிஞ்சும் பாதையை மும்மடங்காக்கும் குமிழ்க் கேபிலரிக்குக் கூடுதல் பணம் தரலாம், தகும். கேபிலரியில் டிடெக்டர் ஒளி புகும் ஜன்னல் பகுதியில் மட்டும் கை படக்கூடாது. மேல்பூச்சு இல்லாத கண்ணாடி, தொட்டால் முறியும்.

லியூசின் போன்ற அமினோ அமிலங்கள் ரத்தத்தில் தேங்கும் பிறவிக் குறைபாடான மேப்பிள் சிரப் நோய்க்கு இதை நம்பி இறங்காதீர்கள். லியூசினும் அல்லோஐசோலியூசினும் 200 நானோமீட்டரில் கண்ணுக்கே படாத அளவு மங்கல்.