எல்கேஜி டீச்சருக்கு எந்த நாடு? துபாய், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா: ஒரு ஒப்பீடு

வேலூரில் வெளிநாட்டு வேலை என்றால் முதலில் நர்ஸ்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். சிஎம்சியில் படித்துவிட்டுக் கடல் தாண்டிப் போனவர்களைத் தெரியாத குடும்பம் இங்கே குறைவு. அவர்களும் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கித்தான் போகிறார்கள், ஆனால் அவர்கள் படித்த படிப்பு என்னவென்று எல்லா நாட்டுக்கும் தெரியும். ப்ரீகேஜி, எல்கேஜி எடுக்கிற நமக்கு அந்த வசதி இல்லை. கையில் இருக்கும் அதே சான்றிதழை வைத்து ஒரு நாட்டில் டீச்சர் ஆகலாம், இன்னொரு நாட்டில் உதவியாளர் ஆகலாம், மூன்றாவது நாட்டில் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான்: அந்த நாடு உங்களை டீச்சர் என்று எடுத்துக்கொள்ளுமா, ஆயா என்று எடுத்துக்கொள்ளுமா?

நான் காட்பாடிப் பக்கம் நர்சரி வகுப்பு எடுக்கிறவள். கூட வேலை பார்த்தவர்கள் பலர் இந்த நாலு பக்கமும் போயிருக்கிறார்கள், அதனால் வருஷா வருஷம் யாராவது ஒரு தங்கச்சி இதே கேள்வியோடு வருகிறாள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் நர்சரி டீச்சர்களிடம் இருப்பது பெரும்பாலும் மூன்று வகை: ஒரு தனியார் நிறுவனத்தில் முடித்த என்டிடி (நர்சரி டீச்சர் டிரெய்னிங்) அல்லது மாண்டிசோரி டிப்ளமா, அரசு டி.எல்.எட் என்கிற தொடக்கப்பள்ளி ஆசிரியர் டிப்ளமா, இல்லாவிட்டால் டிகிரியோடு பி.எட். இதில் பி.எட் தான் பெரியது என்று எல்லோரும் நினைக்கிறோம், 2015லிருந்து அது 2 வருஷப் படிப்பு வேறு. ஆனால் அந்தப் பயிற்சி வகுப்பு முழுக்க ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளோடு நடக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கான டீச்சர் என்று வெளிநாட்டில் விண்ணப்பித்தால், "இவர் எந்த வயதுப் பிள்ளைகளோடு பயிற்சி எடுத்தார்?" என்று கேட்பார்கள், அங்கே பி.எட் பதில் சொல்லாது. நமக்கு யாருமே முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இது.

சரி, வளைகுடா. நம்மிடம் இருக்கிற படிப்பையும் அனுபவத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்வதில் துபாய், ஷார்ஜா, மஸ்கட், குவைத் இந்தியப் பள்ளிகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிபிஎஸ்இ பள்ளிகளில் கேஜி1, கேஜி2 என்று இருப்பது நம் எல்கேஜி, யுகேஜிதான். பிள்ளைகள் நம்ம பிள்ளைகள், ரைம்ஸ்கூட அதேதான், முதல் நாளே வகுப்புக்குள் போய் நிற்கலாம். டிகிரி, பி.எட், அனுபவம், நல்ல ஆங்கிலம் இருந்தால் டீச்சராகவே எடுப்பார்கள். துபாயில் தனியார் பள்ளிகளை மேற்பார்வை செய்வது கேஎச்டிஏ, அவர்கள் ஒப்புதல் இல்லாமல் பள்ளி உங்களை டீச்சராக வைத்துக்கொள்ள முடியாது. அந்த ஒப்புதலுக்குச் சான்றிதழ் அட்டஸ்டேஷன், அதாவது அது உண்மையானதுதான் என்ற முத்திரை வேண்டும், முதலில் மாநில அளவில், பிறகு வெளியுறவு அமைச்சகம், அதற்கப்புறம் எமிரேட்ஸ் தூதரகம். பல்கலைக்கழகப் பட்டம் என்றால் இந்த வரிசை ஓடிவிடும். தெருமுனை நிறுவனத்தில் வாங்கிய என்டிடி சான்றிதழ் என்றால் முதல் படியிலேயே இழுபறி.

வருமான வரி கிடையாது, அது நிஜமான லாபம். எமிரேட்ஸ் சட்டப்படி வேலையை விடும்போது, முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளம் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் அடிப்படையைச் சின்னதாகப் போட்டு மீதியை அலவன்ஸ் என்று எழுதினால் அந்தப் பணமும் சுருங்கிவிடும். அப்புறம் இன்னொரு உண்மை, கணவரின் விசாவில் அங்கே இருக்கும் பெண்களைப் பல பள்ளிகள் விரும்பி எடுக்கின்றன, ஏனென்றால் பள்ளிக்கு விசாச் செலவும் வீட்டுச் செலவும் மிச்சம். அதனால் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கணவர் ஏற்கெனவே அங்கே இருக்கிற பெண்களுக்கு வளைகுடா மாதிரி வசதியான இடம் வேறில்லை. தனியாகப் போகிறவர்களுக்கு அதே சம்பளம் பற்றாது. எத்தனை வருஷம் இருந்தாலும் அங்கே நிரந்தரம் என்று நினைக்கக் கூடாது, வேலை போனால் விசாவும் போகும், பெட்டியைக் கட்டித்தான் ஆக வேண்டும். விசிட் விசாவில் வா, வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

சிங்கப்பூரைப் பலர் யோசிப்பதே இல்லை, எனக்கு அது வருத்தம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, பாலர் பள்ளிகளில் தாய்மொழி வகுப்பு உண்டு, கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளிலும் தமிழ் இருக்கிறது. அதாவது நம் தமிழே அங்கே ஒரு தகுதி. ஆங்கிலத்தில் தடுமாறுகிறோம் என்று இங்கே கூனிக்குறுகி நிற்கிற, ஆனால் கதை சொல்ல ஆரம்பித்தால் வகுப்பையே கட்டிப்போடுகிற டீச்சர்கள் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இல்லை. வீட்டில் ஆங்கிலமே பேசுகிற 4 வயதுப் பிள்ளைக்கு "அம்மா, பசிக்குது" என்று வாயில் வரவைக்க வேண்டும். அதற்குப் பாட்டும் பொம்மையும் நடிப்பும் தெரிந்தவர் வேண்டும், இலக்கணம் தெரிந்தவர் மட்டும் போதாது.

ஆனால் கதவு அகலம் இல்லை. பாலர் பள்ளிகளைக் கவனிப்பது 2013இல் தொடங்கிய இசிடிஏ என்ற அமைப்பு, ஆசிரியர் தகுதியை அங்கீகரிப்பதும் அவர்கள்தான். வெளிநாட்டவருக்கு பெரும்பாலும் எஸ் பாஸ் என்கிற நடுத்தர நிலை வேலை அனுமதிதான். அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி, வயது கூடக்கூட அதுவும் கூடும். எஸ் பாஸில் எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் உச்சவரம்பு இருப்பதால், மையங்கள் உள்ளூர்க்காரர் கிடைத்தால் அவரைத்தான் எடுக்கும். எல்லா மையத்திலும் தமிழ் வகுப்பு இருக்காது, பிள்ளைகள் குறைவு. இருந்தாலும் சென்னையிலிருந்து நாலு மணி நேரம்தான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே கிளம்பி வரலாம். இதற்கும் ஒரு மதிப்பு உண்டு, கணக்கில் சேருங்கள்.

ஆஸ்திரேலியாதான் இந்த வேலையை வேலையாக மதிக்கும் நாடு என்பது என் அபிப்பிராயம். அங்கே 2 வயதுக்குக் கீழ் 4 குழந்தைக்கு ஒரு ஆள், 2 முதல் 3 வயது வரை 5 குழந்தைக்கு ஒரு ஆள், அதற்கு மேல் 11 குழந்தைக்கு ஒரு ஆள் என்பது பொதுவான தேசிய விதி, சில மாநிலங்களில் இன்னும் கறார். ஒரு யுகேஜி அறையில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தொண்டை கட்டிப்போன நமக்கு இதைக் கேட்டாலே மூச்சு வரும். ஆனால் வேலையும் வேறு மாதிரி. இங்கே ஜூன் மாதம் ஆரம்பித்ததும் ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் என்று நோட்டில் பக்கம் பக்கமாகப் போடவைக்கிறோம், நோட்டு நிரம்பாவிட்டால் அம்மா வாசலில் வந்து நிற்பார். அங்கே நோட்டே கிடையாது. பிள்ளை மண்ணில் தண்ணீர் ஊற்றி வாய்க்கால் வெட்டுவதைப் பார்த்து, போட்டோ எடுத்து, இதில் அவன் என்ன யோசித்தான், யாரோடு பேசினான், நாளைக்கு என்ன கொடுக்கலாம் என்று பெற்றோர் படிக்கிற மாதிரி எழுதுவதுதான் டீச்சர் வேலை. எழுத்து வேலை நிறைய. டயபர் மாற்றுவதும், மூக்கைத் துடைப்பதும், சாப்பாடு கொடுப்பதும் டீச்சர்தான், அதற்கென்று தனி ஆயா இல்லை. அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் போக வேண்டாம்.

நுழைவது சுலபமில்லை. டீச்சராகக் குடியேற எய்ட்சில் என்ற அமைப்பு தகுதியை மதிப்பிட வேண்டும். மொத்தம் 4 வருஷ உயர்கல்வி, அதற்குள் குறைந்தது ஒரு வருஷம் ஆசிரியர் பயிற்சி, 45 நாள் மேற்பார்வையோடு வகுப்பெடுத்த பயிற்சி, அதுவும் சின்னப் பிள்ளைகளோடு. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்கிற ஆங்கிலப் பரீட்சையில் 9க்கு, படிப்பதிலும் எழுதுவதிலும் 7, கேட்பதிலும் பேசுவதிலும் 8. எட்டு என்பது கான்வென்டில் படித்தவர்களுக்கே வியர்க்கும் மார்க். திருவள்ளுவர் பல்கலையில் 3 வருஷ டிகிரி முடித்தவர்கள் அங்கேயே போய் மாஸ்டர் ஆஃப் டீச்சிங்கில் சின்னக் குழந்தைக் கல்வி படித்துவிட்டு இந்த வழியில் சேருவதுதான் நடைமுறையில் சரிப்படுகிறது. செலவு பெரியது, வீட்டுப் பத்திரத்தைத் தொடுகிற அளவு. டிகிரி இல்லாதவர்களுக்கு சர்டிபிகேட் 3, டிப்ளமா என்ற கீழ்ப்படிகள் உண்டு, அதில் வேலை கிடைக்கும், ஆனால் டீச்சர் என்ற இடத்துக்கு வர நாளாகும். 2024 டிசம்பரில் 10 சதவீதம், அடுத்த வருஷம் 5 சதவீதம் என்று இந்தத் துறையின் சம்பள உயர்வுக்கு அங்கே அரசாங்கமே பணம் கொடுத்தது, ஊழியரைத் தக்கவைக்க அவ்வளவு பாடு. நியூசிலாந்தும் ஏறக்குறைய இதே பாதைதான், டீச்சிங் கவுன்சிலில் பதிவு கட்டாயம். 1996இல் வந்த அவர்களுடைய டே ஃபாரிக்கி பாடத்திட்டத்தை இந்த வேலையில் இருக்கிற எவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும், போகாவிட்டாலும் பரவாயில்லை.

கனடாவைப் பற்றி நான் கொஞ்சம் கறாராகத்தான் சொல்வேன். தேவை நிஜம், நாளுக்கு 10 டாலரில் குழந்தைகள் காப்பகம் என்ற திட்டத்தை 2021 பட்ஜெட்டில் அறிவித்த பிறகு ஆள் பற்றாமல் தவிக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற குடியேற்றத் திட்டத்தில் 2025இல் கல்விக்கென்று தனிப் பிரிவு வந்தபோது அதில் நம் வேலையும் இருந்தது. ஒன்டாரியோவில் பதிவு பெறாமல் 'ஏர்லி சைல்ட்ஹூட் எஜுகேட்டர்' என்று போட்டுக்கொள்ளவே முடியாது, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரே ஒரு பாடம் முடித்தாலே உதவியாளராகச் சேரலாம். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் 2024 ஜனவரியில் மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வந்துவிட்டது, செலவுக்குக் காட்ட வேண்டிய பணம் அதே மாதம் 10,000 டாலரிலிருந்து 20,635 ஆக ஏறியது, பிறகு இன்னும் ஏறியது. "இரண்டு வருஷ டிப்ளமா, உடனே பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை)" என்று காட்பாடி ரோட்டில் ஃபிளெக்ஸ் வைத்து விற்பது பழைய கனடாவை. வேலையும் லேசில்லை. ஒன்டாரியோவில் முழுநாள் மையம் என்றால் வானிலை ஒத்துழைக்கும் நாளில் தினமும் 2 மணி நேரம் பிள்ளைகளை வெளியே விளையாட விட வேண்டும், அது சட்டம். ஜனவரிப் பனியில் ஒவ்வொரு குழந்தைக்கும் பனிக்கால்சட்டை, பூட்ஸ், தொப்பி, கையுறை மாட்டி, கடைசிப் பிள்ளைக்கு மாட்டும்போது முதல் பிள்ளை கையுறையைக் கழற்றியிருக்கும். பொறுமை உள்ளவர்களுக்குத்தான்.

ஜெர்மனியில் 2013லிருந்து ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பக இடம் சட்ட உரிமை, ஆகவே அங்கும் ஆள் தட்டுப்பாடு. ஆனால் ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 நிலை, அதாவது சரளமாகப் பேசும் அளவு வேண்டும். குழந்தையோடு பேசுகிற வேலை, மொழியில் ஏமாற்ற முடியாது. 22, 23 வயதில் இருப்பவர்கள் ஜெர்மன் சொல்லித்தரும் மாக்ஸ்முல்லர் பவனில் சேர்ந்து ஆரம்பிக்கலாம், 35க்கு மேல் நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்து இப்போதைக்கு வேண்டாம், 2025 ஜூலையில் வேலை விசாவின் தகுதியைப் பட்டப்படிப்பு நிலைக்கு ஏற்றியபிறகு நர்சரி உதவியாளர்களுக்கு வழி இல்லை.

என்னைக் கேட்டால்: கல்யாணமாகி, பி.எட்டும் அனுபவமும் இருக்கிறவர்களுக்கு வளைகுடா, 5 வருஷம் என்று கெடு வைத்துக்கொண்டு. தமிழில் புலியாக இருப்பவர்கள் சிங்கப்பூருக்குத் தொடர்ந்து விண்ணப்பம் போடுங்கள். டிகிரி முடித்து 25ஐத் தாண்டாத, ஆங்கிலம் வசப்பட்ட பெண்ணுக்கு, அப்பா தோல் தொழிற்சாலைச் சேமிப்பை எடுத்துக் கொடுக்கத் தயார் என்றால், கனடாவைவிட ஆஸ்திரேலியா. என்டிடி மட்டும் இருக்கிறவர்கள் இப்போது எங்கேயும் போக வேண்டாம், முதலில் தொலைதூரத்திலாவது டிகிரி முடியுங்கள். மாண்டிசோரி படிப்பதானால், மரியா மாண்டிசோரியே 1929இல் தொடங்கிய ஏஎம்ஐ அமைப்பின் டிப்ளமாவைப் பாருங்கள். அது எந்த நாட்டிலும் மாண்டிசோரிப் பள்ளியில் பேசும், அரசுப் பதிவுக்கு மட்டும் அது போதாது.

எந்த நாடானாலும் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை பெயர். நமக்கு இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், மார்க்‌ஷீட்டில் ஒரு மாதிரி, கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர். மதிப்பீட்டு அமைப்பில் இருப்பவருக்கு இது மூன்று பெண்களாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டு, பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்கு, அதாவது பாடவாரியான மார்க் விவரச் சான்றுக்கு, பணம் கட்டுங்கள், பயிற்சி எடுத்த கல்லூரியில் எத்தனை நாள், எந்த வயதுப் பிள்ளைகளோடு என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். வளைகுடா வேலைக்கு ஏஜென்ட் மூலம் போனால், அவர் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள், சட்டப்படி அவர் வாங்கலாம் என்பது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டும். கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் பதிந்து வையுங்கள். இரண்டு லட்சம் கேட்கிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், மழுப்பினால் சான்றிதழைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.