ஸ்பிரிங் மாற்றும் வேலை: வீட்டிலா, ஒர்க்‌ஷாப்பிலா, பாதிப் பாதியா?

குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரைக் கொஞ்சம் தாழ்த்தலாம் என்று ஆசை வந்ததும் எல்லாரும் முதலில் கேட்பது, “ஐபாக் போடலாமா, டெய்ன் போடலாமா?” என்றுதான். இரண்டும் நல்ல ஸ்பிரிங். ஆர்எஸ்ஆர், டனாபே, எச்&ஆர் போட்டாலும் குறை சொல்ல முடியாது. பெட்டியின் மேல் உங்கள் காரின் மாடல் குறியீடு சரியாக இருந்தால் போதும். தாழ்த்திய காரில் சத்தம், எண்ணெய்க் கசிவு, டயர் ஒருபக்கம் தேய்வது என்று வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை மாட்டிய விதத்தால் வருகிறவை. அதனால் பிராண்டை விட்டுவிட்டு, அதை எங்கே, யார் கையால் மாட்டுவது என்பதைத்தான் இங்கே ஒப்பிடப்போகிறேன்.

சிங்கப்பூரில் நமக்கு இருக்கும் வழிகள்: முழு வேலையையும் வீட்டிலேயே செய்வது, முழுக்க ஒர்க்‌ஷாப்பில் விடுவது, பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு ஓட்டிப்போய் அங்கே மாட்டுவது. இவை போக, பலர் யோசிக்காத பாதிப் பாதி வழி ஒன்றும் உண்டு. என் ஓட்டு அதற்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இடம். வீவக பலமாடி கார் நிறுத்துமிடம் வண்டியை நிறுத்துவதற்கானது. நான்கு சக்கரத்தையும் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார அது இடமில்லை. பாதியில் போல்ட் இறுகிக்கொண்டால் வண்டியை நகர்த்தவும் முடியாது. ஆக, வீட்டு வேலை என்பது தரைவீட்டில் இருப்பவர்களுக்கும், தரைவீட்டில் மாமாவோ சித்தப்பாவோ உள்ளவர்களுக்கும்தான். அங்கேயும் போர்ச் தரை மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சாலைப் பக்கம் சரிந்திருக்கும். டைல்ஸ் வேறு. ஜாக் ஸ்டாண்டின் நான்கு காலும் நேராக டைல்ஸ் மேல் நின்றால் டைல்ஸ் விரியும், ஸ்டாண்டும் சாயும். தடிமனான பிளைவுட் பலகை அடியில் வேண்டும். இன்னொன்று: பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கியதும் அந்தப் பிடி போய்விடும். முன்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வைக்காமல் பின்பக்கத்தைத் தூக்கவே கூடாது.

இடம் சரி என்றால் அடுத்த கேள்வி, உங்கள் காரின் பின்பக்கம் எப்படிப்பட்டது? ஹோண்டா ஜாஸ், ஷட்டில், டொயோட்டா வியோஸ், சுசுகி ஸ்விஃப்ட், 2019-இல் வந்த மஸ்டா 3 போன்றவற்றில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குக் கட்டை. ஸ்பிரிங் தனி, அப்சார்பர் தனி. பீமுக்கு அடியில் ஜாக்கை வைத்து, இரண்டு அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் கழற்றி, மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெசரே வேண்டாம். இறக்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா என்று ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் உள்ள காரில் அந்த ஒயரையும் சேர்த்து. மேலே இருக்கும் ரப்பர் வளையம் பழைய ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதைக் கவனிக்காமல் புதிய ஸ்பிரிங்கை மாட்டினால் இரும்போடு இரும்பு உரசி, ஒவ்வொரு மேட்டிலும் ‘டக்’ என்று கேட்கும். பின்பக்கத்தைப் பொறுத்தவரை இது வீட்டிலேயே நிதானமாக முடிக்கக்கூடிய வேலை என்பது என் கருத்து.

முன்பக்கம் கதையே வேறு. மேற்சொன்ன எல்லாக் காரிலும் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கை அமுக்கி, அப்சார்பர் மேலேயே பூட்டி வைத்திருப்பார்கள். ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்த பிறகும் அந்த ஸ்பிரிங்குக்குள் அடங்கியிருக்கும் விசை சிறிய காரிலேயே நூறு கிலோவைத் தாண்டும். அதை அடக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் மேல் மவுன்ட் குண்டு மாதிரி பறக்கும். முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

வீட்டில் செய்பவர்கள் வாங்குவது ஆன்லைனில் கிடைக்கும் இரண்டு திருகுத் தண்டு கம்ப்ரெசர். நேரெதிராக இரண்டு பக்கமும் மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். இங்கேதான் அவசரம் கெடுக்கிறது. ஒரு பக்கம் வேகமாகத் திருகினால் ஸ்பிரிங் வாழைப்பழம் போல வளையும். வளைந்ததும் கொக்கி சுருளின் மேல் மெல்ல நகரத் தொடங்கும். இம்பாக்ட் கன் வைத்துத் திருகுகிறவர்களும் உண்டு. கிரீஸ் இல்லாத தண்டு சூடேறிப் பாதியில் இறுகிவிட்டால், அமுக்கிய ஸ்பிரிங் அப்படியே உங்கள் கையில் நிற்கும், முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. விசை முழுக்க இருப்பது பழைய ஸ்பிரிங்கில். புதியது குட்டை என்பதால் அதை மாட்டுவது எளிது. ஆபத்து கழற்றுவதில்தான் இருக்கிறது என்பதை மறந்து, ‘மாட்டுவது ஈஸி’ என்று யாரோ சொன்னதை நம்பி இறங்குகிறார்கள்.

இன்னொரு விபத்து சத்தமே இல்லாமல் நடக்கும். மேல் நட்டைத் திருகும்போது அப்சார்பரின் தண்டும் சேர்ந்து சுழலும். அதை நிறுத்தத் தண்டின் உச்சியில் ஆலன் கீ போடக் குழி இருக்கும். அந்தச் சாவி கையில் இல்லை என்று பளபளக்கும் தண்டையே பிளையரால் கவ்விப் பிடித்தால், பல் பதிந்து மெல்லிய கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாத அளவு கீறல்தான். ஆனால் தண்டு ஒவ்வொரு தடவை மேலும் கீழும் போகும்போதும் அந்தக் கீறல் எண்ணெய் சீலை அறுக்கும். சில வாரம் கழித்து அப்சார்பர் உடம்பில் ஈரமாகத் தூசி ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்த காசு புது அப்சார்பருக்குப் போய்விடும்.

அதனால்தான் பாதிப் பாதி. பின்பக்கத்தை வீட்டில் முடித்துவிடுங்கள். முன் ஸ்ட்ரட் இரண்டையும் நீங்களே கழற்றுங்கள், ஆனால் பிரிக்காதீர்கள். கழற்றும்போது நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) வெளியே சாயாமல் கயிற்றால் கட்டி வையுங்கள். சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளும், பிரேக் ஹோஸில் பாரம் தொங்கும். ஸ்ட்ரட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, இடது வலது என்று எழுதி, நண்பரின் காரில் போட்டுக் ஒர்க்‌ஷாப்புகள் நிறைந்த காக்கி புக்கிட்டுக்கோ சின் மிங்குக்கோ எடுத்துப்போங்கள். அங்கே சுவரில் பொருத்திய கம்ப்ரெசரில் கொஞ்ச நேரத்தில் மாற்றிவிடுவார்கள். “அண்ணே, ஸ்ட்ரட் மட்டும் கொண்டு வந்தா மாத்தித் தருவீங்களா?” என்று முதலில் போன் செய்து கேட்டுவிடுங்கள், வெளியில் வாங்கிய ஸ்பிரிங்கைத் தொடவே மாட்டோம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. மாற்றி முடித்ததும் பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் பாருங்கள்: ஸ்பிரிங்கின் கீழ் நுனி கிண்ணத்தில் இருக்கும் படியில் சரியாக முட்டி உட்கார்ந்திருக்கிறதா, கையால் திருப்பினால் ஸ்பிரிங் சுழலாமல் இறுக்கமாக நிற்கிறதா. அதன்மேல் அச்சடித்த எழுத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருந்தால் அநேகமாக ஸ்பிரிங்கையே தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள்.

முழுக்க ஒர்க்‌ஷாப்பில் விட்டால் இந்தக் கவலை இல்லை, காசு கூடுதல். ஆனால் அங்கேயும் அடிக்கடி தவறுவது ஒன்று உண்டு. கன்ட்ரோல் ஆர்ம், பீம் ஆகியவற்றின் ரப்பர் புஷ்களின் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போதே கடைசி இறுக்கு இறுக்கிவிடுகிறார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகுதான் இறுக்க வேண்டும். கேட்டால் செய்வார்கள், கேட்க வேண்டும். வீட்டில் செய்தாலும் இதே விதிதான்.

ஜோகூர் பாரு? கூலி குறைவு என்பது உண்மை. விஇபி எனும் மலேசிய வாகன நுழைவு அனுமதி, முக்கால் டேங்க் பெட்ரோல், பாலத்தில் நெரிசல் எல்லாம் நமக்குப் பழகியதுதான். எனக்கு அதில் உள்ள தயக்கம் வேறு. புதிய ஸ்பிரிங் ஓரிரு வாரத்தில் இன்னும் கொஞ்சம் அமரும். அதன் பிறகு அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், மறுபடி பார்க்க வேண்டும். சத்தம் வந்தாலும் அங்கேதான் திரும்பப் போக வேண்டும். எப்படியும் வாரா வாரம் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் இது கணக்குக்கு வரும்.

எந்த வழியில் போனாலும் அலைன்மென்ட்டை விடக்கூடாது. வண்டி தாழ்ந்ததும் முன்சக்கரத்தின் டோ (சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மாறிவிடும், டயரின் உள்விளிம்பு நமக்குத் தெரியாமலே தேயும். தாழ்ந்த வண்டியில் அந்த விளிம்பு குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும். முன்கண்ணாடியில் ஓட்டுநர் உதவிக் கேமரா உள்ள காரென்றால் அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கம் உயரத்தை அளக்கும் சென்சார் உள்ள காரில் ஹெட்லைட் கோணமும் மாறும்.

உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்பிரிங்-அப்சார்பர் செட்டான காயில்ஓவர் போட்டுவிடலாமே என்பார்கள். பிசி ரேசிங் மாதிரி செட் முழுமையாகப் பூட்டியே வருவதால் ஸ்பிரிங் கம்ப்ரெசர் வேலை இல்லை. வீட்டில் மாட்ட நினைப்பவருக்கு அந்த வகையில் இதுதான் பாதுகாப்பு. ஆனால் விலை பல மடங்கு. உயரத்தை அடிக்கடி மாற்றாதவருக்கு அது வீண். அப்சார்பர் ஏற்கெனவே பழசாகிவிட்ட காரென்றால், பில்ஸ்டீன் பி8 போன்ற குட்டையான அப்சார்பரோடு ஸ்பிரிங்கைச் சேர்த்து மாற்றுவது நடுவழி.

தனியார் வாடகை ஓட்டுநர்கள் இந்த ஆசையையே கொஞ்சம் தள்ளி வைக்கலாம். சாங்கிக்கு மூன்று பேர், நான்கு பெட்டி என்று ஏறினால், 30 மில்லிமீட்டர் தாழ்ந்த ஷட்டில் பம்ப் ஸ்டாப்பிலேயே, அதாவது அப்சார்பரின் கடைசித் தடுப்பு ரப்பரிலேயே முட்டியபடி ஓடும். புளோக்குக்குக் கீழே ஒவ்வொரு மேட்டிலும் பின்சீட்டில் இருப்பவர் துள்ளுவார்.

வாங்கும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தில் மாற்றங்களுக்கான விதிகளைப் படித்துவிடுங்கள், காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். 3 வயதிலிருந்து 10 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் சொந்தக் கார் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். பழைய ஸ்பிரிங்குகளையும் தூக்கிப் போடாதீர்கள். விற்கும் நாளில் வாங்குபவர் ஒரிஜினலைத்தான் கேட்பார். முன் இடது, முன் வலது, பின் என்று டேப் ஒட்டி ஸ்டோர் ரூமில் வைத்துவிடுங்கள்.