கார் இல்லாமல் ஜீலாங்கில்: ரயில், பஸ், கடைத்தெரு அனுபவம்

மெல்பர்னிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தள்ளி, கோரியோ விரிகுடாவை ஒட்டி இருக்கிறது ஜீலாங். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இரண்டாவது பெரிய நகரம். டீக்கின் பல்கலைக்கழகத்தில் படிக்க வருபவர்களும் சரி, மெல்பர்ன் வாடகை கட்டுப்படியாகாமல் குடிவருபவர்களும் சரி, முதலில் கேட்பது "கார் இல்லாமல் காலம் தள்ள முடியுமா?" என்றுதான். பல வருடங்களாக நாங்கள் கார் இல்லாமல்தான் இங்கே குடும்பம் நடத்துகிறோம். முடியும். ஆனால் எந்தப் பக்கம் வீடு பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ரயிலை மனதாரப் பாராட்டுவேன். மெல்பர்ன் சதர்ன் கிராஸ் நிலையத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம். பகலில் இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பதால், ஒன்றை விட்டால் அடுத்தது என்று நிம்மதியாக இருக்கலாம். 2023 மார்ச் 31 முதல் வெளியூர் ரயில்களுக்கும் மெல்பர்ன் நகரக் கட்டணமே உச்சவரம்பு என்றாகிவிட்டது. அப்போது நாள் முழுக்க 9.20 டாலர். அதற்கு முன்னால் மெல்பர்ன் போய்வர அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே ஆகும். பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் மெல்பர்ன்காரர் கொடுப்பதைத்தான் நாமும் கொடுக்கிறோம். இங்கே குடியிருந்துகொண்டு அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது மாதக் கடைசியில் தெரியும். மைக்கி என்ற பயணக் கட்டண அட்டையை ஏறும்போதும் இறங்கும்போதும் மறக்காமல் தட்டுங்கள்.

குறை என்றால் கூட்டம். 2015-ல் இருந்து இந்த ரயில்கள் விண்டம் வேல், டார்னீட் வழியாகப் போகின்றன. அந்தப் பகுதிகளில் வீடுகள் மளமளவென்று பெருகிவிட்டதால், மாலையில் டார்னீட் தாண்டும்வரை நின்றுகொண்டே வர நேரும். அதே டார்னீட்தான் எங்கள் மளிகைக்கும் வழி. இட்லி அரிசி, நல்லெண்ணெய், முருங்கைக்காய் என்று நம் ஊர்ச் சாமான் அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. சக்கரம் வைத்த பை ஒன்று கட்டாயம் வாங்கிவிடுங்கள். பத்துக் கிலோ அரிசியைத் தோளில் சுமந்து வர வேண்டாம்.

ஊருக்குள் துணிமணி, பாத்திரம், பண்டம் எல்லாவற்றுக்கும் வெஸ்ட்ஃபீல்டு ஜீலாங் வணிக வளாகம் போதும். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். யாரா தெருவின் இரு பக்கமும் கட்டடம் இருக்கிறது, தெருவுக்கு மேலே பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள். மழை நாளில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தப் பாலத்தின் அருமை தெரியும். பெரும்பாலான நாட்களில் சின்னக் கடைகள் மாலை ஐந்தரைக்கே மூடிவிடும். சூப்பர் மார்க்கெட்டுகள் இரவிலும் திறந்திருக்கும். கோல்ஸ், வூல்வொர்த்ஸ் இரண்டிலும் புதன்கிழமை புதுத் தள்ளுபடி தொடங்குகிறது. சோப்பு, எண்ணெய், காபித்தூள் போன்றவை பாதி விலைக்கு வரும்போது வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

வோர்ன் பாண்ட்ஸ் வணிக வளாகம் டீக்கின் மாணவர்களுக்கு வசதி. ஒன்றைக் கவனியுங்கள்: வோர்ன் பாண்ட்ஸ் ரயில் நிலையம் அதன் பக்கத்தில் இல்லை. பையோடு நடக்கிற தூரமும் இல்லை.

பஸ்ஸில்தான் பொறுமை வேண்டும். வார நாட்களில் பகலில் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் இடைவெளி நீண்டுவிடும். நாங்கள் முதலில் இருந்த புறநகரில் ரயில் வந்து நிற்பதற்குச் சற்று முன்னால்தான் பஸ் கிளம்பும். அடுத்ததற்கு ஒரு மணி நேரம். கூரை இல்லாத நிறுத்தத்தில், குளிர்காலத் தென்காற்றில், பையில் பால் புட்டியும் உறைந்த பட்டாணியுமாக நின்றிருக்கிறோம். ரயில் நேரத்தையும் பஸ் நேரத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலே தீரக்கூடிய சிக்கல் இது. வயதானவர்கள் அப்படி நிற்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

அதனால் வாடகை சற்றுக் கூடினாலும் ஜீலாங் வெஸ்ட், சௌத் ஜீலாங், பெல்மான்ட் ஹை ஸ்ட்ரீட் பக்கம் வீடு பாருங்கள். ஜீலாங் வெஸ்டில் பேக்கிங்டன் தெருக் கடைகளும் ரயில் நிலையமும் நடக்கிற தூரத்தில் வந்துவிடும். ஊருக்குப் போகும்போது மெல்பர்னின் துல்லமரீன் விமான நிலையத்துக்கு இங்கிருந்தே நேரடி பஸ் இருக்கிறது. பெட்டிகளோடு மெல்பர்ன் நகருக்குள் இறங்கி மாற வேண்டியதில்லை, முன்பதிவு மட்டும் செய்துவிடுங்கள்.