கிளாஸ்ஹூட்டே ஒரிஜினல்: லாங்கேவுக்கும் நோமோஸுக்கும் நடுவே ஒரு கடிகாரம்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டன் நகருக்குத் தெற்கே மலைகளுக்கு இடையில் கிடக்கும் கிளாஸ்ஹூட்டே என்ற சிற்றூர், சுரங்கத் தொழில் நொடித்து மக்கள் வறுமையில் வாடிய காலத்தில் கடிகாரத் தொழிலைக் கற்றுக்கொண்ட ஊர். சாக்சனி அரசு கொடுத்த கடனைக் கொண்டு 1845ஆம் ஆண்டு டிசம்பரில் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே அங்கே தொடங்கிய பட்டறையிலிருந்துதான் ஊரின் இன்றைய புகழ் முழுவதும் கிளைத்தது. நடந்தே சென்று பார்த்துவிடக்கூடிய தொலைவுக்குள் இன்று அங்கே இயங்கும் நிறுவனங்களில் மூன்றைக் கைக்கடிகார ஆர்வலர்கள் ஓயாமல் ஒப்பிடுகிறார்கள்: உச்சியில் வைத்துப் போற்றப்படும் லாங்கே அண்ட் ஸோனே, எளிமையால் இளைஞர்களைக் கவர்ந்த நோமோஸ், இவ்விரண்டுக்கும் இடையில் அதிகம் பேசப்படாமல் நிற்கும் கிளாஸ்ஹூட்டே ஒரிஜினல். தரத்துக்கேற்ற மதிப்பு கிடைக்காத நிறுவனம் எது என்று ஆர்வலர்களிடம் கேட்டால், மூன்றாவது பெயரைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். அந்தக் கருத்து எந்த அளவுக்குச் சரி என்பதை, மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

மூன்றுக்கும் மரபு ஒன்றுதான் என்றாலும், அது வந்து சேர்ந்த வழி வேறு. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போரின் கடைசி நாளான 1945 மே 8 அன்று லாங்கேயின் கட்டடம் குண்டுவீச்சில் அழிந்தது; 1948இல் நிறுவனமே அரசுடைமையாக்கப்பட்டது; 1951இல் ஊரின் கடிகாரப் பட்டறைகள் அனைத்தும் ஒரே அரசு நிறுவனமாக இணைக்கப்பட்டன. அந்த அரசு நிறுவனத்தின் நேரடி வாரிசுதான் கிளாஸ்ஹூட்டே ஒரிஜினல். ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு தனியார்மயமாகி, 2000ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஸ்வாட்ச் கடிகாரக் குழுமத்தின் கைக்கு வந்தது. லாங்கே என்ற பெயரோ நாற்பது ஆண்டு காணாமல் போயிருந்தது. நிறுவனரின் கொள்ளுப்பேரனான வால்டர் லாங்கே அதை 1990 டிசம்பர் 7 அன்று மீண்டும் பதிவு செய்து, குந்தர் ப்ளூம்லைனின் துணையோடு 1994 அக்டோபரில் முதல் நான்கு கடிகாரங்களை வெளியிட்டார். அதே 1990இன் தொடக்கத்தில் ரோலண்ட் ஷ்வெர்ட்னர் நிறுவியது நோமோஸ். அது இன்றுவரை எந்தப் பெருங்குழுமத்திலும் சேரவில்லை. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் அந்த ஊரில் கைத்திறன் அறுந்து போகாமல் காத்தது அரசு ஆலை என்பதை லாங்கேயின் புகழ் பாடுபவர்கள் எளிதாக மறந்துவிடுகிறார்கள். வால்டர் லாங்கே திரும்பி வந்தபோது ஊரில் கடிகாரம் செய்யத் தெரிந்த கைகள் இருந்ததற்கு அந்த ஆலையே காரணம்.

மூவ்மென்ட்டுக்குள், அதாவது கடிகாரத்தை ஓட்டும் உள்ளியந்திரத்துக்குள் போனால், மூன்றிலும் முதலில் கண்ணில் படுவது முக்கால் தகடுதான். சுவிஸ் கடிகாரங்களில் சக்கரங்களைத் தனித்தனிப் பாலங்கள் தாங்குவது வழக்கம். கிளாஸ்ஹூட்டேயில் மூவ்மென்ட்டின் முக்கால் பரப்பை மூடும் ஒற்றைத் தகடு அந்த வேலையைச் செய்கிறது. உறுதி கூடுகிறது, அதற்கு விலையாக, பூட்டும்போது எல்லாச் சக்கரங்களின் அச்சு முனைகளும் ஒரே நேரத்தில் தத்தம் துளைகளில் சரியாக அமர வேண்டியிருப்பதால், பூட்டுபவரின் பொறுமை மிகவும் சோதிக்கப்படுகிறது. இந்த ஊரின் பெயரைக் கடிகாரத்தில் பொறிக்க வேண்டுமானால் மூவ்மென்ட்டின் மதிப்பில் பாதிக்கு மேல் அங்கேயே உருவாகியிருக்க வேண்டும் என்ற நெடுநாள் வழக்கம், 2022இல் ஜெர்மன் அரசின் ஆணையால் சட்டப் பாதுகாப்பும் பெற்றது. ஆகவே மூன்றில் எதுவும் ஊர்ப் பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டு விற்கும் நிறுவனமல்ல. வேறுபாடு அந்தத் தகட்டை எவ்வளவு தூரம் செதுக்கி மெருகேற்றுகிறார்கள் என்பதில்தான் தொடங்குகிறது.

லாங்கே அந்தத் தகட்டைச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த ஜெர்மன் சில்வரில் செய்து, மேலே எந்த முலாமும் பூசாமல் விடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது இளந்தேன் நிறத்துக்கு மாறும். வேலை செய்பவரின் விரல் ஒருமுறை பட்டாலும் தடம் நின்றுவிடும். இதைத் தெரிந்தே அந்த உலோகத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதும், ஒவ்வொரு மூவ்மென்ட்டையும் ஒருமுறை முழுவதும் பூட்டிச் சரிபார்த்து, பிறகு மொத்தமாகக் கழற்றிக் கழுவி, மெருகு வேலையை முடித்து, நீலமாகச் சுட்ட திருகுகளோடு இரண்டாம் முறை பூட்டுவதும் ஒரே பிடிவாதத்தின் இரண்டு முகங்கள். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், தகட்டின் விளிம்புகளில் சீவிவிடப்பட்ட சரிவுகள் உள்மூலையில் சந்திக்கும் இடத்தில் கூர்மையான ஒரு கோடு தெரியும். சுழலும் கருவி எதுவும் அந்தக் கோட்டைத் தராது, கையில் பிடித்த அரமும் மெருகுக் குச்சியும்தான் தர முடியும். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் சிறு பாலத்தில் உள்ள பூவேலையை எந்தச் செதுக்குநர் செய்தார் என்பதை அவருடைய கைவாகைக் கொண்டே உள்ளே இருப்பவர்கள் அடையாளம் காண்பார்கள்.

கிளாஸ்ஹூட்டே ஒரிஜினலின் பானோமேட்டிக்லூனார் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் அதே சொற்களஞ்சியம் இருக்கிறது: கோடிட்ட முக்கால் தகடு, நீலத் திருகுகள், கையால் செதுக்கிய பாலம், அதன்மேல் அன்னத்தின் கழுத்துபோல் வளைந்த இரண்டு எஃகு வில்கள். லாங்கேயில் இந்த வில் பொதுவாக ஒன்றுதான். இங்கே ஒன்று ஓட்டத்தின் வேகத்தையும் மற்றது துடிப்பின் சமநிலையையும் நுட்பமாகத் திருத்த உதவுகிறது. தானாகச் சாவி ஏற்றும் சுழலெடை மையத்திலிருந்து விலகி அமைந்து, 21 காரட் தங்க விளிம்போடு சுற்றுகிறது. ஆனால் தகட்டுக்கு வெண்முலாம் உண்டு. அது பளிச்சென்று தெரிந்தாலும், லாங்கேயின் முலாமற்ற உலோகத்தில் உள்ள வெதுவெதுப்பு அதற்கு வராது. விளிம்புச் சரிவுகள் சீராகவும் ஒளிர்வாகவும் இருக்கின்றன, கூரிய உள்மூலைகளைத் தேடினால்தான் ஏமாற்றம். மெருகு வேலையில் லாங்கே ஒரு படி மேல் என்று ஆர்வலர்கள் சொல்வதை மறுக்க முடியாது. என் கணிப்பில் அது ஒரு படி அல்ல, இரண்டு படி. எனினும் விலையில் உள்ள இடைவெளி அதைவிட மிகப் பெரிது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

டயலில் கணக்கு மாறுகிறது. லாங்கே 1 என்ற கடிகாரம், 38.5 மில்லிமீட்டர் விட்டத்தில், நேரம் காட்டும் வட்டத்தை இடப்பக்கம் ஒதுக்கி, பெரிய தேதியை வலப்பக்கம் மேலே வைத்து, எந்த உறுப்பும் மற்றொன்றின்மேல் ஏறாமல் அமைத்த வடிவம். முப்பது ஆண்டு கடந்தும் அதில் எதையும் நகர்த்தத் தோன்றுவதில்லை. டிரெஸ்டனின் ஸெம்பர் நாடக அரங்கில் மேடைக்கு மேலே எண்களால் நேரம் காட்டும் கடிகாரமே அதன் இரட்டைச் சாளரத் தேதிக்கு முன்மாதிரி. பானோமேட்டிக்லூனாரும் ஒதுக்கி வைத்த வட்டங்களைக் கொண்டதுதான். நேரமும் விநாடியும் இடப்பக்கம், நிலவின் பிறை வலப்பக்கம் மேலே, தேதி கீழே. இது லாங்கே 1இன் மலிவு நகல் என்று சிலர் சொல்வதுண்டு. அக்கறையோடு பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது, ஏனென்றால் இங்கே நேர வட்டமும் விநாடி வட்டமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. லாங்கே கவனமாகத் தவிர்த்ததையே இந்த வடிவமைப்பாளர் தம் அழகாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

தேதியை மட்டும் அருகே கொண்டுவந்து பார்ப்பது இந்த ஒப்பீட்டுக்கு மிகவும் உதவும். லாங்கேயில் பத்திலக்கத்தைச் சிலுவை வடிவத் தகடும் ஒன்றிலக்கத்தை ஒரு வட்டத் தகடும் தாங்குகின்றன. இரண்டும் வெவ்வேறு மட்டத்தில் இருப்பதை நடுவிலுள்ள சட்டம் மறைக்கிறது. கிளாஸ்ஹூட்டே ஒரிஜினலில் இரண்டு தகடுகளும் ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரே மட்டத்தில், ஒரே மையத்தைச் சுற்றி ஓடுவதால் நடுவே சட்டமே தேவைப்படவில்லை. நீல டயலில் தேதித் தகடும் நீலமாகவே வருவது, கறுப்பு டயலில் வெள்ளைத் தேதிச் சாளரத்தை வெட்டி வைக்கும் பல பெரிய நிறுவனங்களுக்குப் பாடமாக இருக்க வேண்டியது. தேதி என்ற ஒரே உறுப்பில், பொறியியல் நேர்த்தியிலும் கண்ணுக்கான ஒழுங்கிலும் லாங்கேயைவிட இந்த நிறுவனமே சிறப்பாகச் செய்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. டயல்களைச் சொந்த ஆலையிலேயே அது செய்துகொள்வதன் பலன் இது. நிறம் ஓரத்தை நோக்கி மெல்ல இருளும் சிக்ஸ்டீஸ் வரிசை டயல்களிலும் அதே தேர்ச்சி தெரிகிறது.

நோமோஸை இந்த இரண்டோடு நிறுத்தும்போது அளவுகோலையே மாற்ற வேண்டியிருக்கிறது. 1992இல் வந்த டான்ஜென்ட், 1930களில் புழங்கிய டயல் வடிவம் ஒன்றை எடுத்து, எண்களின் எழுத்துருவையும் முள்களின் மெலிவையும் சூசன்னே குந்தர் புதிதாகச் செம்மைப்படுத்தியதால் பிறந்தது. தொடக்கத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கிய மூவ்மென்ட்டை நம்பியிருந்த நிறுவனம், 2005இல் 2.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆல்ஃபாவைச் சொந்தமாகச் செய்யத் தொடங்கி, 2014இல் பேலன்ஸ் சக்கரமும் அதை ஆட்டும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கும் அடங்கிய இதயப் பகுதியையும் ஸ்விங் சிஸ்டம் என்ற பெயரில் தானே உருவாக்கியது. உலகில் மிகச் சில நிறுவனங்களுக்கே கைவந்த வேலை அது, அதுவும் சில ஆயிரம் யூரோவுக்கு விற்கும் கடிகாரத்தில். மெருகு வேலையில் அதை லாங்கேயோடு ஒப்பிடுவது நியாயமல்ல; தகட்டின் கோடுகள் இயந்திரத்தில் இட்டவை, சரிவுகள் எளியவை. ஆனால் வடிவம் என்ற ஒன்றை மட்டும் கேட்டால், இம்மூன்றில் மிகவும் முழுமையான சிந்தனை டான்ஜென்ட்டுடையதுதான்; அதில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் இருக்கிறது. அதன் மேல் வைக்கப்படும் நியாயமான குறை ஒன்று உண்டு: வாரைப் பிடிக்கும் கால்கள் நீளமாக இருப்பதால், விட்டத்தின் எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் மெலிந்த மணிக்கட்டில் கால்கள் ஓரம் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்.

கையில் கட்டிப் பார்க்கும்போதுதான் கிளாஸ்ஹூட்டே ஒரிஜினலின் பெரிய பலவீனம் வெளிப்படுகிறது. பானோமேட்டிக்லூனார் 40 மில்லிமீட்டர் விட்டமும் 12 மில்லிமீட்டரைத் தாண்டும் தடிமனும் கொண்டது. லாங்கே 1 பத்து மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. டான்ஜென்ட் ஏழு மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. சட்டைக் கைக்குள் நழுவிப் போக வேண்டிய வகைக் கடிகாரத்துக்கு இந்தத் தடிமன் பொருந்தாது. சாவி ஏற்றிய பின் ஓடும் நேரமும் 42 மணி மட்டுமே, லாங்கே 1 தரும் 72 மணியோடு சேர்த்துப் பார்த்தால் இது குறைவு. அதே நிறுவனம் 2016இல் செனட்டர் எக்ஸலன்ஸ் வரிசைக்கு 100 மணி நேரம் ஓடும், சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் உள்ள, 24 நாள் சோதனையில் தேறி வரும் மூவ்மென்ட்டைக் கொடுத்தபோது, பானோமேட்டிக்லூனார் அடங்கிய பானோ வரிசையை ஏன் காக்க வைத்தது என்று ஆர்வலர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

மற்றொரு குறை, வரிசைகளின் சிதறல். செவ்வியல் செனட்டர், ஒதுக்கிய வட்டங்களின் பானோ, அரசு ஆலைக் காலத்து ஸ்பெஸிமேட்டிக் கடிகாரத்தை நினைவூட்டும் சிக்ஸ்டீஸ், சதுர முகச் செவன்டீஸ், கடலடிக்கான ஸீக்யூ என்று ஐந்து திசைகளில் போகும்போது, தொலைவிலிருந்து பார்த்ததும் பெயர் சொல்லக்கூடிய ஒற்றை முகம் இந்த நிறுவனத்துக்கு அமையவில்லை. லாங்கேவுக்கு லாங்கே 1 இருக்கிறது, நோமோஸுக்கு டான்ஜென்ட் இருக்கிறது. மீள்விற்பனையில் கிளாஸ்ஹூட்டே ஒரிஜினலின் விலை செங்குத்தாகச் சரிவதற்கு, தரத்தைவிட இதுவே முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சரிவு புதிதாக வாங்குபவரை வருத்தும், இரண்டாம் கையாக வாங்குபவருக்கோ வாய்ப்பாகிவிடும். புதிதாக எஃகு உறையில் பத்தாயிரம் யூரோவைத் தாண்டும் பானோ கடிகாரம், சில ஆண்டு கழித்து, நோமோஸின் தங்க உறைக் கடிகாரம் ஒன்றின் புது விலையைவிடக் குறைவாகவே கைமாறுவது உண்டு. அந்த விலையில் கையால் செதுக்கிய பாலத்தையும் இரட்டை அன்னக்கழுத்தையும் தரும் போட்டியாளர் எவரும் எனக்குத் தெரிந்து இல்லை. லாங்கேயோ பெரும்பாலும் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டுமே வருவதால் வாசலிலேயே பலரை நிறுத்திவிடுகிறது. 2019இல் எஃகில் வந்த ஒடிஸியஸும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. மெருகின் உச்சம் ஒன்றே குறிக்கோள் என்றால் பொறுத்திருந்து லாங்கேயையே வாங்க வேண்டும், அதற்கு மாற்று எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தினமும் கட்டிக்கொள்ள மெல்லிய, தெளிவான கடிகாரம் வேண்டும் என்றால் நோமோஸ் போதும். கடிகாரத்தைக் கழற்றித் திருப்பி வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கமுள்ளவர், தங்கத்துக்குப் பணம் கொடுக்க விருப்பமில்லாதவர், சற்றே தடித்த உறையைப் பொறுத்துக்கொள்வார் என்றால், அவர் தேட வேண்டியது கிளாஸ்ஹூட்டே ஒரிஜினலின் இரண்டாம் கை பானோரிசர்வ். கையால் சாவி கொடுப்பது என்பதால் சுழலெடை எதையும் மறைக்காது, முக்கால் தகடு முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கும். பானோ வரிசைக்குள் தடிமனும் அதில் சற்றுக் குறைவு. வாங்கும் முன் உத்தரவாதச் சீட்டைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, கடைசியாக அதைத் திறந்து பராமரித்தவர் யார் என்பதுதான், ஏனென்றால் முக்கால் தகட்டை மறுபடி அமர்த்துவதில் பழக்கமில்லாத கை பட்டால், அதன் தழும்பு அந்த மெருகிட்ட பரப்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.